எங்க மலை இரும்பும் உங்க தி.நகர் எவர்சில்வரும்

போன மாசம் பத்து நாள் அடையாறுல எங்க பெரிய மக வீட்டுல இருந்தேன். பேரனுக்கு லீவு. எட்டு வயசு. ஊருக்கு வந்திருந்தப்ப பழைய ஸ்பீக்கர்ல இருந்து நான் கழட்டிக் கொடுத்த வட்டக் காந்தத்தை இன்னும் பத்திரமா வெச்சிருக்கான். ஒரு சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனோம். அலை வந்து திரும்பற இடத்துல கறுப்பா ஒரு கோடு விழும் பாருங்க, அந்த மணல்ல காந்தத்தை இழுத்தான். மீசை முளைச்ச மாதிரி கறுப்புப் பொடி ஒட்டிக்கிச்சு. "தாத்தா, இங்கயும் உங்க ஊர் இரும்பு இருக்கு!"ன்னு ஒரே கத்தல்.

கூட மாப்பிள்ளையோட ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வந்திருந்தார். நல்ல தம்பி. அவர்தான் கேட்டார். "அங்கிள், உங்க ஊர்ல ஒரு மலையே இரும்புன்னு சொல்றாங்களே. அதை வெட்டி எடுத்தா உங்க ஜனங்களுக்கே வேலை கிடைக்குமே? ஏன் எதுக்கெடுத்தாலும் வேண்டாம் வேண்டாம்னு போராட்டம் பண்றீங்க?"

குத்தலா கேட்கலைங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். மணல்ல உக்காந்து சுண்டல் தின்னுக்கிட்டே பாதி பதில் சொன்னேன். அதுக்குள்ள பேரன் அலையில விழுந்து எழுந்து வந்துட்டான், பேச்சு நின்னு போச்சு. மீதிப் பதில் இது.

எங்க ஊர் கஞ்சமலைக்கு அடியில, இளம்பிள்ளைப் பக்கம். உங்க வீட்டு அம்மணிகளுக்கு இளம்பிள்ளைன்னா புடவை ஞாபகம் வரும். சேலம் டவுன்ல இருந்து தென்மேற்கால பார்த்தா படுத்திருக்கிற யானை மாதிரி தெரியறதுதான் கஞ்சமலை. உயரம் சுமார் 3,200 அடி. அடிவாரத்துல சித்தர் கோயில். அமாவாசை அன்னிக்கு அங்க கால் வைக்க இடம் இருக்காது. கஞ்சம்னா தாமரைன்னும் அர்த்தம் இருக்கு, வெண்கலம்னும் இருக்கு. தங்கம்னு சொல்றவங்களும் இருக்காங்க. தங்கம்னு சொன்னாத்தானே கேட்கறவனுக்கும் ருசி. நான் ஐம்பது வருஷமா இந்த மண்ணைக் கிளர்றேன், ஒரு குண்டுமணி கிடைச்சதில்லை.

கிடைச்சது இரும்புதான்.

அது என்ன மாதிரி இரும்புன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா விவகாரமே அதுலதான் இருக்கு. மலை மேல இருந்து உருண்டு வந்த கல்லு ஒண்ணை உடைச்சா உள்ளே பட்டை பட்டையா இருக்கும். ஒரு பட்டை கறுப்பு, ஒரு பட்டை வெள்ளை, மறுபடி கறுப்பு. கறுப்பு மேக்னடைட், அதாவது காந்தத்துல ஒட்டற இரும்புத் தாது. வெள்ளை வெறும் குவார்ட்ஸ், நம்ம பாஷையில வெங்கச்சாங்கல். இந்த ரெண்டும் கடலடியில படிஞ்சு, அப்புறம் பூமிக்கு உள்ளே போயி வெந்து, நெளிஞ்சு, மேல வந்து இன்னைக்கு மலையா நிக்குது. மலைக்குள்ள அந்தப் பட்டைகள் ஒரு தோணி மாதிரி வளைஞ்சு கிடக்கறதா புவியியல்காரங்க வரைஞ்சு வெச்சிருக்காங்க. வெந்து நெளிஞ்சது சுமார் 250 கோடி வருஷம் முன்னாலன்னு கணக்கு. சில பாறைகிட்ட திசைகாட்டியைக் கொண்டு போனா முள்ளு வடக்கை மறந்துட்டு மலையைப் பார்க்கும். சின்னப்பிள்ளையில எங்களுக்கு அதுதான் மேஜிக் ஷோ.

இந்தக் கல்லுல இரும்பு எவ்வளவு? சராசரியா நூத்துக்கு 35-ஐ ஒட்டி. இந்த 35-ஐ ஞாபகத்துல வெச்சுக்குங்க. திரும்ப வரேன்.

பழைய காலத்துல எங்க மலையைச் சுரங்கம் தோண்டி யாரும் குடையலை. தேவையே இல்லை. மழை பெஞ்சா ஓடையில தண்ணி வரும், தண்ணியோட தாது வரும். கனமான கறுப்பு மணல் கீழே தங்கும், லேசான வெள்ளை மணல் அடிச்சுக்கிட்டுப் போயிடும். அந்தக் கறுப்பை அள்ளிக்கிட்டு வந்து இன்னொரு தடவை அலசினாங்க. அடிவாரத்துல சிதறிக் கிடந்த கல்லை இடிச்சுப் பொடியாக்கினாங்க. ஆள் உசரத்துக்கும் குறைவான மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, மரக்கரி. மணிக்கணக்கா ஊதினா உலைக்கு அடியில பஞ்சு மாதிரி ஒரு இரும்புக் கட்டி நிக்கும். அதை அடிச்சு அடிச்சுக் கசடை வெளியேத்தணும். அந்தக் கசடுக்கு சிட்டம்னு பேரு. எங்க கீழ்க்காட்டுல குச்சிக்கிழங்குக்கு உழவு ஓட்டும்போது இன்னைக்கும் சிட்டக்கல் மேல வரும். (குச்சிக்கிழங்குன்னா மரவள்ளி. நீங்க பாயசத்துல போடற ஜவ்வரிசிக்குத் தாய்.) கண்ணாடி மாதிரி பளபளன்னு, ஓட்டை ஓட்டையா இருக்கும். டிராக்டர்காரர் திட்டுவார். நான் பொறுக்கி வரப்பு மேல அடுக்கி வெச்சிருக்கேன். யாரோ ஒருத்தர் இதே இடத்துல, வேர்வை சொட்டச் சொட்ட துருத்தி மிதிச்சிருக்கார். அவர் பேரு எந்தக் கல்வெட்டுலயும் இருக்காது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் ஒண்ணு. இரும்பை உருக்கு ஆக்கறதுக்கு, உமி கலந்த களிமண்ணுல சின்ன மூசை செய்வாங்க. அதுக்குள்ள இரும்புத் துண்டு, கூடவே காய்ஞ்ச ஆவாரங்கட்டை, மேல எருக்கிலை. வாயை மண்ணால பூசி அடைச்சு, இருபது இருபத்தஞ்சு மூசையை ஒண்ணா அடுக்கி ஊதுவாங்க. கட்டையிலயும் இலையிலயும் இருக்கிற கரி இரும்புக்குள்ள ஏறி உருக்காயிடும். 1830கள்ல ஒரு வெள்ளைக்காரர் இதை எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். ஆவாரையும் எருக்கும் எங்க வரப்புல நீங்க காலை வெச்சாலே இடறும். மாடு கூட மேயாத செடிங்க. அதை வெச்சு உலகமே கேட்டு வாங்கின உருக்கைப் பண்ணியிருக்காங்கன்னா அந்தக் கைக்கு எவ்வளவு மூளை! அலெக்சாண்டருக்குப் போரஸ் கொடுத்த உருக்கு எங்க மலையோடதுன்னு கூட எங்க பக்கம் பேசிக்குவாங்க. அந்தப் பேச்சுக்குள்ள நான் போகலை. சிட்டக்கல்லே எனக்குப் போதும்.

அந்த வெள்ளைக்காரர் பேரு ஜோசையா மார்ஷல் ஹீத். மெட்ராஸ்ல கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். சேலத்துல இருந்தப்ப இந்த இரும்பைப் பார்த்து மயங்கிட்டார். உத்தியோகத்தை விட்டுட்டு, அரசாங்கத்துகிட்ட உரிமையும் கடனும் வாங்கி, 1830-ல் பரங்கிப்பேட்டையில பெரிய இரும்பு ஆலை போட்டார். ஏன் அங்க? கடல் பக்கம், கப்பல் ஏத்தலாம். ஆனா தாது எங்க ஊர்ப் பக்கம், சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி. அதைவிடப் பெரிய தலைவலி கரி. அந்த ராட்சச உலைக்கு நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். பக்கத்துல இருந்த மரம் தீர்ந்தது, அடுத்து தூரத்து மரம், அப்புறம் அதைவிட தூரம். இரும்பு நல்ல இரும்புதான், இங்கிலாந்து ஷெஃபீல்டுக்கே போச்சு. ஆனா கணக்கு உதைச்சது. கம்பெனி பேரு மாறுச்சு, முதலாளிங்க மாறினாங்க, பேப்பூர்லயும் சேலம் பக்கம் பாலம்பட்டியிலயும் கிளை போட்டுப் பார்த்தாங்க. 1860கள்ல பரங்கிப்பேட்டை உலை அணைஞ்சே போச்சு. ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி, மாங்கனீஸ் சேர்த்து உருக்கை நல்லாக்கற வழியைக் கண்டுபிடிச்சு 1839-ல் காப்புரிமையும் வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிங்க அவரை ஏமாத்திட்டு அதே வழியில சம்பாதிச்சாங்க. கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சு 1851-ல் செத்துப் போனார். அவர் ஞாபகமா நம்மகிட்ட மிச்சம் இருக்கறது என்ன தெரியுங்களா? ஒரு வௌவால். ஓட்டுவீட்டு இடுக்குல தொங்குமே மஞ்சள் வயித்து வௌவால், அதோட அறிவியல் பேர்ல ஹீத் இருக்கார். எங்க மாட்டுக்கொட்டாயில நாலு ஹீத்துங்க குடியிருக்காங்க.

சிரிக்கறதுக்குச் சொன்னேன். ஆனா அந்த இரும்புக்காக வெட்டின மரம் எவ்வளவு, அதுல எத்தனை ஓடை வத்துச்சுன்னு நினைச்சா சிரிப்பு வரமாட்டேங்குது. சின்ன உலைக்காரங்க நூத்துக்கணக்கான வருஷம் ஊதியும் மலை மலையாத்தான் இருந்துச்சு. பெரிய உலை முப்பது நாப்பது வருஷத்துல மூச்சு வாங்கிடுச்சு.

இப்ப தி.நகருக்கு வரேன்.

சின்னவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். சீர்ப் பாத்திரம் பார்க்கலாம்னு பெரியவளும் நானும் தி.நகர் போனோம். அந்தக் கூட்டத்துல எப்படித்தான் தினமும் நடக்கறீங்களோ! ஒரு பாத்திரக்கடையில விற்கிற பையன் குடத்தைத் தட்டிக் காமிச்சு, "இது ஒரிஜினல் சேலம் ஸ்டீல் சார், கஞ்சமலை இரும்பு, பேரன் காலம் வரைக்கும் கறுக்காது"ன்னான். மக என்னைப் பார்த்துக் கண்ணடிச்சா. "தம்பி, நான் கஞ்சமலையில இருந்துதான் வரேன்"னு சொன்னேன். அவன் அசரலை. "அப்ப உங்களுக்குத் தெரியாததா சார், எடுத்துக்குங்க"ன்னான். பிழைச்சுக்குவான்.

விஷயம் என்னன்னா, அந்தக் குடத்துல எங்க மலையோட ஒரு துளி இரும்பு கிடையாது. எங்க மலை அடிவாரத்துலதான் சேலம் உருக்காலை இருக்கு. வாஸ்தவம். 1960கள்ல போட்ட திட்டமும் கஞ்சமலைத் தாதை நெய்வேலி பழுப்பு நிலக்கரியோட சேர்த்து உருக்கறதுதான். அண்ணா முதலமைச்சர் ஆனதும் 1967 ஜூலையில எழுச்சி நாள்னு அறிவிச்சு, சேலம் உருக்காலை வேணும், சேதுக் கால்வாய் வேணும்னு தமிழ்நாடே கேட்டுச்சு. 1970 செப்டம்பர்ல இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினாங்க. எங்க அப்பா சைக்கிள்ல போயி கூட்டத்தைப் பார்த்துட்டு வந்து, இனிமே நம்ம மலை உலகத்துக்கே கலப்பை கொடுக்கும்னு திண்ணையில உக்காந்து ராத்திரி முழுக்கப் பேசினாராம்.

1981-ல் ஆலை ஓட ஆரம்பிச்சப்ப அது வேற ஆலை. வெளியில இருந்து வர்ற எவர்சில்வர் சுருளை மெல்லிசா உருட்டித் தகடாக்கற ஆலை. நல்ல தகடு, நான் குறை சொல்லலை. நாணயத்துக்கு வேணுங்கற வட்டத் தகடு கூட அங்க வெட்டறாங்க, உங்க சட்டைப்பையில இருக்கிற சில்லறை ஒரு வேளை எங்க ஊரைப் பார்த்துட்டு வந்திருக்கும். 2010-ல் உருக்கற உலையும் வந்துச்சு. அதுக்குப் போறதும் பழைய இரும்பும் குரோமியக் கலவையும்தான், கஞ்சமலைக் கல்லு இல்லை. மலை ஆலையைப் பார்த்துக்கிட்டு நிக்குது, ஆலை மலையைப் பார்த்துக்கிட்டு நிக்குது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஏன் இல்லைன்னு கேட்டா, அந்த 35-க்கு வரணும்.

சத்தீஸ்கர் பைலடிலாவுலயோ கர்நாடகா பெல்லாரியிலயோ நல்ல தாதுல நூத்துக்கு 60-க்கு மேல இரும்பு. வெட்டு, உடை, உலையில போடு, அவ்வளவுதான். எங்க கல்லு அப்படி இல்லை. மாவா அரைக்கணும். தண்ணியில கரைக்கணும். காந்த உருளையில ஓட விட்டுக் கறுப்பைப் பிரிக்கணும். மேக்னடைட்டுலயே இரும்பு நூத்துக்கு 72 பங்கு, மிச்சம் ஆக்சிஜன். அப்ப கணக்குப் போட்டுப் பாருங்க: 100 டன் கல்லை அரைச்சா காந்தத்துல ஒட்டறது அதிகபட்சம் 48 டன் பக்கம். மிச்சம் 50 டன்னுக்கு மேல வெறும் வெங்கச்சாங்கல் மாவு, சேறா நிக்கும். அதை எங்க கொட்டுவீங்க? மலைக்கு மேல கொட்ட முடியாது. கீழதான். கீழ யாரு இருக்கா? நான் இருக்கேன்.

இது பயத்துல சொல்ற கற்பனை இல்லைங்க. கர்நாடகாவுல குதிரேமுகத்துல இதே மாதிரி தரம் குறைஞ்ச மேக்னடைட் மலையை 1980-ல் இருந்து வெட்டினாங்க. அரைச்ச தாதைத் தண்ணியோட கலந்து குழாய் வழியா 67 கிலோமீட்டர் தள்ளி மங்களூருக்கு அனுப்பினாங்க. சேத்தைத் தேக்கறதுக்குன்னே லக்யாவுல ஒரு அணை. ஆறு ஓட வேண்டிய பள்ளத்தாக்குல கல்மாவு நிக்குது. உச்ச நீதிமன்றம் சொல்லி 2005 கடைசியில நிறுத்தினாங்க. அங்க வருஷத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. எங்களுக்கு நல்ல வருஷத்துலயே 1,000-த்தைத் தொட்டா பொங்கல் வைப்போம். அவங்களுக்கே கட்டுப்படி ஆகாதது எங்களுக்கு ஆகுமா?

2000கள்ல மறுபடி பேச்சு கிளம்புச்சு. டிட்கோவும் ஜிண்டாலும் சேர்ந்து இரும்புத் தாது எடுக்க ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலை, வேடியப்பன்மலை, எங்க பக்கம் கஞ்சமலைன்னு பேர் அடிபட்டுச்சு. திருவண்ணாமலைச் சனங்க விடலை. உச்ச நீதிமன்றம் அமைச்ச குழுவும் அந்த மலைகளுக்கு அனுமதி வேண்டாம்னு சொல்லிடுச்சு. எங்க ஊர்லயும் கூட்டம், ஊர்வலம், மனு எல்லாம் நடந்துச்சு. நானும் போனேன். மலை பொழைச்சுது. ஆனா இரும்பு விலை ஏறும்போதெல்லாம் யாராச்சும் ஒருத்தர் மலையை அண்ணாந்து பார்க்கறாங்க.

எனக்கு அந்த மலை என்னன்னு சொல்றேன். என் கிணறு 60 அடி. மலையில பேஞ்ச மழை இடுக்குலயும் வேர்லயும் இறங்கி, ரெண்டு மூணு மாசம் கழிச்சு என் கிணத்துல ஊறும். ஐப்பசியில பேஞ்சா தை வரைக்கும் கசியும். மேல காடு இருக்கிற வரைக்கும்தான் இது. மலை வெறும் கல்லாயிட்டா பேஞ்ச அன்னிக்கே அடிச்சுக்கிட்டுப் போயிடும், மறுநாள் வெயில்தான். எனக்கு கஞ்சமலைங்கறது இரும்பு மலை இல்லைங்க, தண்ணித் தொட்டி.

சென்னைக்காரங்களுக்கு இது புரியாதுன்னு சொல்ல மாட்டேன். நீங்களும் மலை வெட்டின கதை உள்ளவங்கதான். ஊருக்குத் திரும்பும்போது ரயில்ல ஜன்னல் ஓரம் உக்காந்து பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம்னு பார்த்துக்கிட்டே போனேன். அந்த மலைங்களும் எங்க மலை மாதிரி கிட்டத்தட்ட 250 கோடி வருஷப் பழசு. கொல்கத்தாவுல ஜாப் சார்னாக்குங்கற கம்பெனிக்காரரோட கல்லறைக்கு இங்க இருந்துதான் கல்லு போச்சு. ஹாலண்டுங்கற புவியியல்காரர் 1893-ல் அந்தக் கல்லுக்கு சார்னகைட்டுன்னே பேர் வெச்சுட்டார். அதே ஹாலண்டுதான் அதுக்கு ஒரு வருஷம் முன்னால, 1892-ல், எங்க சேலம் இரும்பைப் பத்தி அறிக்கை எழுதினவர். இன்னொரு ஆளு ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்துல சரளைக் குழியில இருந்து அள்ளிப்போட்ட கல்லுக்குள்ள ஆதிமனுசனோட கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தவர். அடுத்த வருஷமே கிங்ங்கற கூட்டாளியோட சேர்ந்து சேலம் ஜில்லாப் பாறைகளைப் பத்திப் புத்தகம் போட்டார், கஞ்சமலையும் அதுல வருது. கடைசிக் காலத்துல ஏற்காட்டுலயே வீடு எடுத்துக்கிட்டார். இப்படி உங்க பல்லாவரத்தையும் எங்க கஞ்சமலையையும் ஒரே ஆளுங்க ஒரே சுத்தியலால தட்டிப் பார்த்திருக்காங்க.

வித்தியாசம் ஒண்ணுதான். உங்க மலைங்க மெட்ராஸுக்கு ஜல்லியாப் போயிடுச்சு. மிச்சம் இருக்கறது குழி. மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துல அந்த மாதிரி கல்குவாரிக் குழிகள்ல தேங்கின தண்ணியைத்தான் 2017-லயும் 2019-லயும் சுத்திகரிச்சு உங்க குழாய்க்கு விட்டாங்க. அந்த 2019 கோடையில என் மக மைலாப்பூர்ல இருந்தா. ராத்திரி ரெண்டு மணிக்கு லாரித் தண்ணிக்குக் குடம் வெச்சுக் காத்திருந்ததை போன்ல சொல்லி அழுதா. குழியும் உதவுச்சேன்னு நீங்க சொல்லலாம். உதவுச்சு. ஆனா குழி நிரம்பறதுக்கும் மழை வேணும். என் மலை கோடையிலயும் கசியும்.

(மாங்காடுன்னதும் ஞாபகம் வருது. எங்க மேட்டூர் பக்கமும் ஒரு மாங்காடு இருக்கு. அங்க ஈமக்குழியில கிடைச்ச இரும்பு வாளுக்கு வயசு சுமார் 3,500 வருஷம். 2025 ஜனவரியில கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல இரும்பின் தொன்மை பத்தி அறிவிச்சப்ப அதுவும் பட்டியல்ல இருந்துச்சு. அன்னிக்கு என் போன்ல பெருமை மெசேஜ் கொட்டுச்சு. எல்லாம் சென்னையில இருந்து. பெருமைப்படுங்க, வேண்டாம்னு சொல்லலை. அந்தப் பெருமை எந்த மலை ஓடையில அலசி எடுத்ததுன்னும் கொஞ்சம் கேட்டு வைங்க.)

அடுத்து, என் வாதத்துல எனக்கே உறுத்தற இடம் ஒண்ணு இருக்கு. அதை மறைச்சுட்டு எழுதினா நியாயம் இல்லை.

என் கலப்பைக் கொழு இரும்பு. போர்வெல் குழாய் இரும்பு. சின்னவ கல்யாணத்துக்கு வாங்கின குடம், அண்டா, இட்லிப் பானை அத்தனையும் இரும்புதான். அது வானத்துல இருந்து விழலை. எங்கயோ ஒரு மலையை வெட்டித்தான் வருது. பைலடிலாவுல 2019 ஜூன்ல ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் வில்லு அம்போட வந்து உக்காந்தாங்க, அது எங்க சாமி மலை, தொடாதேன்னு. எங்க சித்தர் மாதிரி அவங்களுக்கு நந்தராஜ். என் மலையை விட்டுட்டு அவங்க மலையை வெட்டுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? பீச்சுல அந்தத் தம்பி இதைக் கேட்டிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன்.

இன்னொண்ணு வேலை. என் தம்பி மகன் ஓசூர்ல ஒரு கம்பெனியில ஒப்பந்தக்கூலி. மாசம் ஒரு தடவை வரான், முகத்துல தூக்கமே இல்லை. "பெரியப்பா, மலையை வெட்டினா நான் இங்கயே இருந்திருப்பேன்"னு ஒரு நாள் சொன்னான். அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். சாமி, இன்னைக்கு சுரங்கம்னா மண்வெட்டி பிடிச்ச ஆயிரம் ஆளு கிடையாது. நாலு பெரிய எந்திரம், அதை ஓட்டத் தெரிஞ்ச நாலு வெளியூர் ஆளு, காவலுக்கு ரெண்டு உள்ளூர் ஆளு. நீ அந்த ரெண்டுல ஒருத்தனா இருப்பே, அவ்வளவுதான். தாது தீர்ந்தா எந்திரம் போயிடும். மறுபடி நீ ஓசூர் பஸ் ஏறும்போது இங்க கிணத்துல தண்ணியும் இருக்காது. அவன் ஒத்துக்கிட்டானான்னு தெரியலை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டான்.

அதனால என் பேச்சு "எந்த மலையையும் தொடாதே" இல்லை. அப்படிப் பேசறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை. என் பேச்சு இவ்வளவுதான்: பாதிக்கு மேல குப்பையாப் போற கல்லுக்காக, மழை குறைஞ்ச ஊர்ல, தண்ணி கொடுக்கிற மலையை உடைக்கறது இரும்பு வியாபாரமாப் பார்த்தாக் கூட மோசமான வியாபாரம். ஹீத்துக்குக் கரி கட்டுப்படி ஆகலை. எழுச்சி நாள் நடத்திக் கேட்டு வாங்கின ஆலைக்குக் கல்லே கட்டுப்படி ஆகலை. அடுத்து வர்றவருக்கு மட்டும் ஆகும்னா, அந்த மிச்சத்தை யாரோ ஒருத்தர் கையில இருந்துதான் கொடுக்கணும். கீழ்க்காட்டுக்காரன் கிணத்துல இருந்து எடுத்துக் கொடுத்து லாபக் கணக்கு எழுதுவாங்க.

வேணும்னா இன்னொண்ணு செய்யலாம். பேப்பர் மூட்டையை எடைக்குப் போடும்போது துருப்பிடிச்ச இரும்பையும் மறக்காம போடுங்க. ஓட்டை வாளி, உடைஞ்ச கிரில், பரண்ல கிடக்கிற மாமியார் காலத்து அண்டா, எல்லாம் மறுபடி உருகக்கூடியது. பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியில கத்திக்கிட்டுப் போறாரே, அவர் நடத்தறதும் ஒரு இரும்புச் சுரங்கம்தான். சென்னை மாடிப்படிக்கு அடியில இருக்கிற தாதுல இரும்பு நூத்துக்கு 35 இல்லை, 95-க்கு மேல. என் மக வீட்டுப் பால்கனியில மட்டும் ரெண்டு சைக்கிள், ஒரு தையல் மெஷின் அடிக்கட்டை கிடக்குது. சொன்னா கேட்க மாட்டேங்கறா, ஆகி வருமாம்.

அந்த ஆபீஸ் தம்பி போன வாரம் போன் பண்ணினார். வர்ற அமாவாசைக்கு சித்தர் கோயில் பார்க்கணும், குடும்பத்தோட வரலாமா அங்கிள்னு கேட்டார். தாராளமா வாங்கன்னு சொல்லியிருக்கேன். காலையிலேயே வந்துட்டா கூட்டத்துக்கு முன்னால கும்பிட்டுடலாம், அப்புறம் வீட்டுல களியும் கீரைக் குழம்பும். வெயில் இறங்கினதும் ஓடைப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போறேன். பேரனும் கூட வரான். காந்தத்தை மறக்காம எடுத்து வைக்கச் சொல்லி அவங்க அம்மாவுக்கு இப்பவே நாலு தடவை ஞாபகப்படுத்திட்டானாம்.